தூசி சொன்ன எண்

நிலம் நடுங்கத் தொடங்கியபோது என் கையில் 4117-ஆம் கோப்பு இருந்தது. மருத்துவமனையின் பதிவேட்டு அறையில் எனக்கு அதுதான் வேலை: பழைய நோயாளிகளின் கோப்புகளை எடுத்துக் கொடுப்பது, திரும்பி வந்ததும் அதே இடத்தில் வைப்பது. செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி பன்னிரண்டு நிமிடம். கூரை விசிறி சுழன்றபடியே பக்கவாட்டில் ஆடியது. நான் மேசைக்கு அடியில் புகுந்து எண்ண ஆரம்பித்தேன். பதினான்கு வரை வந்தது. பயத்தில் வேகமாக எண்ணியிருக்கலாம் என்பதால் நோட்டில் 'பதினொன்று முதல் பதினான்கு நொடி' என்று எழுதினேன். பிறகு அதற்கு முன்னால் 'சுமார்' என்று சேர்த்தேன்.

அதற்குப் பிறகுதான் அக்காவுக்கு ஃபோன் செய்தேன். வரிசையை மாற்றிச் செய்திருக்க வேண்டும் என்று அன்றே நோட்டில் ஒத்துக்கொண்டிருக்கிறேன்.

"எல்லாரும் பின்பக்கம் மணல்ல விளையாடிட்டிருந்தாங்க," என்றாள் அக்கா. "ஒருத்தருக்கும் ஒண்ணுமில்லை. நீ எங்கே இருக்கே?"

"மேசைக்கு அடியில."

"இன்னுமா? வெளிய வாடி."

அக்கா கீழ்த்தெருவில் ஒரு பழைய கட்டடத்தில் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறாள். வேலைக்குப் போகும் அம்மாக்கள் காலையில் விட்டுவிட்டுப் போவார்கள். இரண்டிலிருந்து ஐந்து வயது வரை இருபத்திரண்டு குழந்தைகள். மதியம் சாப்பிட்டதும் முன்னறையில் பாய் விரித்துத் தூங்க வைப்பாள். மூன்று மணிக்கு எழுப்பிப் பின்பக்கம் அனுப்புவாள். எழுப்பிப் பன்னிரண்டு நிமிடம் ஆகியிருந்தது. அந்தப் பன்னிரண்டை நான் நோட்டில் எழுதவில்லை. எழுதக் கை வரவில்லை.

அன்று மாலை எனக்கு வகுப்பு இருந்தது. வாரத்தில் மூன்று நாள், ஆறரையிலிருந்து எட்டரை வரை, தொழிற்பயிற்சிக் கல்லூரியின் முதல் மாடியில் கட்டட ஆய்வு படிக்கிறோம். பன்னிரண்டு பேர். பகலில் ஒருவர் பேக்கரி அடுப்பைக் கவனிக்கிறார், ஒருவர் பேருந்து ஓட்டுகிறார், ஒருவர் லிஃப்ட் பழுது பார்க்கிறார். நான் ஒரு நாளைக்கு ஆறு முறையாவது "மேடம், ஒரு சந்தேகம்" என்று கையைத் தூக்குவதால் லிஃப்ட் மெக்கானிக் எனக்குச் 'சந்தேகம்' என்றே பெயர் வைத்துவிட்டார். ஒரு நாள் வருகை எடுக்கும்போது மேடமே "சந்தேகம் வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மேடம் அன்று ஒரு கட்டு படிவங்களோடு வந்தார்.

"நகராட்சியில ஆள் பத்தலை. பன்னிரண்டு தெரு, நீங்க பன்னிரண்டு பேர். நிலநடுக்கத்தோட அளவு ஒண்ணுதான், அதைக் குன்று மேல இருக்கிற கருவி சொல்லிடுச்சு. ஆனா எந்தத் தெரு எவ்வளவு ஆடிச்சுங்கறது இடத்துக்கு இடம் மாறும். அதை அந்த ஒரு கருவி சொல்லாது. ஆளுங்க சொல்லணும், சுவர் சொல்லணும், சாமான் சொல்லணும்."

பேக்கரிக்காரர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "எங்கப்பா போடற சத்தம் மாதிரி. சத்தம் ஒண்ணுதான். பக்கத்துல நிக்கறவனுக்குக் கை நடுங்கும். மாடியில இருக்கறவன் 'யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்திச்சே'ம்பான்."

மேடம் சிரிக்காமல் அதைக் கரும்பலகையில் எழுதினார்.

பன்னிரண்டு படிகள் கொண்ட அட்டவணை ஒன்று உண்டு. எங்களுக்குத் தேவைப்பட்டது நடுவில் மூன்று படிகள். ஐந்து என்றால் தொங்குவதெல்லாம் நன்றாக ஆடும், சின்னப் பொருள் ஒன்றிரண்டு சரியும். ஆறு என்றால் பலர் பயந்து வெளியே ஓடுவார்கள், சுவர்ப்பூச்சில் மயிரிழை விரிசல் விழும். ஏழு என்றால் கனமான பீரோ இடம் மாறும், அலமாரிச் சாமான்கள் ஏராளமாக விழும், பழைய சுவரில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல் வரும். ஒரு வீட்டைப் பார்த்து எண் போடக் கூடாது. தெரு முழுக்கக் கேட்டு, சிலருக்கா, பலருக்கா, பெரும்பாலோருக்கா என்று கணக்கெடுத்த பிறகுதான் போட வேண்டும். நடக்காததையும் எழுத வேண்டும்.

"சனிக்கிழமை மதியம் வரைபடம் நகராட்சிக்குப் போகணும்," என்றார் மேடம். "ஏழு வந்த தெருவுல ஒவ்வொரு பழைய கட்டடத்தையும் பொறியாளர் வந்து திறந்து பார்ப்பார். அதுவரைக்கும் உள்ளே யாரும் போக முடியாது. ஆறோ அதுக்குக் கீழயோ வந்தா, உரிமையாளர் சுத்திப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாப் போதும். திங்கக்கிழமை திறந்துக்கலாம்."

சீட்டுக் குலுக்கியதில் எனக்குக் கீழ்த்தெரு வந்தது.

"மேடம், ஒரு சந்தேகம். எங்க அக்காவோட காப்பகம் அந்தத் தெருவுலதான் இருக்கு. நான் ஒரு பக்கமா எழுதிடுவேனோன்னு..."

"எழுதிடுவோமோன்னு பயப்படறவங்கதான் ஜாக்கிரதையா எழுதுவாங்க. எடுத்துக்கோ."

அன்றிரவே அக்காவிடம் எல்லாவற்றையும் ஃபோனில் சொன்னேன். காலையில் மூன்று நாள் விடுப்புக் கேட்டேன். காரணம் என்ற இடத்தில் 'நிலநடுக்கம்' என்று எழுதினேன். மேலாளர் படித்துப் பார்த்து, "அதுதான் முடிஞ்சிடுச்சே" என்றார். ஆனாலும் கொடுத்தார்.

கீழ்த்தெருவில் நாற்பத்தொரு கட்டடங்கள். படிவத்தில் முப்பத்தொரு கேள்விகள். புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தொடங்கினேன். தெரு அவ்வளவு சுத்தமாக இருந்து நான் பார்த்ததில்லை. வாசல்களில் ஈரம்கூடக் காயவில்லை.

மருந்துக்கடைக்காரர் கல்லாவுக்குப் பின்னால் கைகட்டி நின்றார். பின்னால் மூன்று அடுக்கு அலமாரியில் பாட்டில்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றன.

"ஏதாவது விழுந்துச்சா, அண்ணே?"

"ஒண்ணும் விழலையேம்மா."

"ஒரு பாட்டில்கூட?"

"லேசா ஒரு ஆட்டம். தொட்டில் மாதிரி. அவ்வளவுதான்."

'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டேன். நகரும்போது என் செருப்பு தரையில் ஒட்டி, பிய்ந்து வருவது போலச் சத்தம் போட்டது. அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. ஓரத்தில் 'தரை ஒட்டுகிறது' என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

தையல்காரம்மா, "பயமா? எனக்கா? ஊசியில நூலே கோத்துட்டிருந்தேன்" என்றார். சைக்கிள் கடைக்காரர் தூங்கிவிட்டதாகச் சொன்னார். மூன்று மணிக்கு அவர் கடை திறந்திருந்ததை நான் பல நாள் பார்த்திருக்கிறேன், ஆனால் தூக்கம் கடைக்குள்ளும் வரக்கூடியதுதான் என்று குறித்துக்கொண்டேன். வீடு வீடாக அதே பதில்: ஒண்ணும் ஆகலை.

கடைசியில் அக்காவின் காப்பகம். அவள் வாசலிலேயே நின்றாள்.

"நோட்டோட வந்திருக்கே. தங்கச்சியா வந்தியா, ஆபீசரா வந்தியா?"

"ரெண்டும்தான்."

"அப்போ பாதி டீதான் கிடைக்கும்."

உள்ளே எல்லாம் ஒழுங்காக இருந்தது. பொம்மை அலமாரி துடைத்துப் பளபளத்தது. முன்னறைச் சுவரில் குழந்தைகள் வரைந்த படங்கள் ஒட்டியிருந்தன: யானை, வீடு, பச்சைச் சூரியன், யாருடைய மீசையோ. ஜன்னல் மூலையில் தொடங்கிப் படிக்கட்டு மாதிரி சாய்வாக மேலே ஏறிக் கூரையைத் தொட்டன.

"புதுசா ஒட்டியிருக்கியா? அழகா இருக்கு."

"சும்மா இருந்தேன், ஒட்டினேன்," என்றாள் அக்கா. "எழுதிட்டியா? ஒண்ணும் ஆகலை. திங்கக்கிழமை திறக்கணும்டி. இருபத்திரண்டு அம்மாவும் காலையிலேருந்து ஃபோன் பண்றாங்க."

வியாழக்கிழமை மாலை வகுப்பில் எல்லோரும் தங்கள் எண்ணைச் சொன்னார்கள். மேட்டுத்தெரு ஐந்து. கடைவீதி ஐந்து. பேருந்து நிலையத்துப் பக்கம் ஐந்து, ஓரிடத்தில் மட்டும் ஆறுக்கு அருகே. என் முறை வந்ததும் கூட்டிப் பார்த்ததைச் சொன்னேன்: "ஐந்து. அதுவும் சிரமப்பட்டு."

"கருவி சொல்றதோட ஒத்துப் போகுது," என்றார் மேடம். வரைபடத்தில் பன்னிரண்டு தெருக்களுக்கும் ஏறக்குறைய ஒரே வண்ணம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. எனக்கு மட்டும் ஒரு விஷயம் இடித்தது. ஐந்து என்ற இடத்தில்கூட நூற்றுக்குப் பத்துப் பேராவது ஏதாவது விழுந்தது என்பார்கள். மேட்டுத்தெருவில் சொல்லியிருந்தார்கள். என் தெருவில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. நாற்பத்தொரு கட்டடத்தில் ஒரு தம்ளர்கூடக் கவிழவில்லை என்றால், அந்தத் தெருவை அப்படியே அருங்காட்சியகத்தில் வைக்கலாம்.

ஆனால் நான் கேள்வியைச் சரியாகக் கேட்கவில்லையோ, முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டார்களோ என்றுதான் முதலில் தோன்றியது. எனக்கு எப்போதும் அப்படித்தான் முதலில் தோன்றும்.

வெள்ளிக்கிழமை காலை செருப்பைப் போடக் குனிந்தேன். வலது செருப்பில் எறும்பு மொய்த்திருந்தது. இடதில் ஒன்றுகூட இல்லை. செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் காய்ந்துபோன பழுப்புப் பாகு. அதில் அரிசி அளவு பழுப்புக் கண்ணாடித் துண்டு ஒன்று குத்தியிருந்தது. முகர்ந்து பார்த்தேன். இருமல் மருந்து.

எறும்புகளை உதறிவிட்டு, அந்தத் துண்டைத் தாளில் மடித்துக்கொண்டு நேராக மருந்துக்கடைக்குப் போனேன். கல்லா மேல் பிரித்து வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், என் செருப்பைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார்.

"எத்தனை பாட்டில், அண்ணே?"

"அறுபத்தெட்டு," என்றார் மெதுவாக. "மேல் அடுக்கு முழுசும். ராவோட ராவா கழுவி, கோடவுன்ல இருந்து புதுசு எடுத்து அடுக்கினேன்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீ வர்றதுக்கு முந்தின ராத்திரியே உங்கக்கா வந்தாங்கம்மா. ஒவ்வொரு வீடா. 'என் தங்கச்சி நோட்டோட வருவா, விழுந்தது உடைஞ்சதுன்னு சொன்னீங்கன்னா தெருவையே மூடிடுவாங்க, பழைய கட்டடத்தைத் திரும்பத் திறக்கவே விடமாட்டாங்க'ன்னாங்க. எங்க பேத்தியும் அங்கதான் இருக்கா. நான் என்னத்தச் சொல்ல?"

கோபம் வந்தது, அதைவிட அதிகமாக வெட்கம் வந்தது. நாற்பத்தொரு வீட்டில் என் காதில் பூச் சுற்றியிருக்கிறார்கள், நானும் ஒவ்வொரு பூவையும் கட்டம் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறேன். தரை ஒட்டுகிறது என்று என் கையால் எழுதிவிட்டு, கட்டம் இல்லை என்பதற்காக அதை எண்ணாமல் விட்டது நான்தான். அந்தத் தவறை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

இனிமேல் போய்க் கேட்டால் என்ன ஆகும்? இப்போது எல்லோரும் மிகைப்படுத்தலாம். அல்லது மறுபடி மறைக்கலாம். வாயை நம்ப முடியாது. கழுவிய தரையையும் நம்ப முடியாது. அப்போதுதான் அலமாரியின் உச்சியில், கூரையை ஒட்டி, பெரிய மண்சாடிகள் வரிசையாக இருப்பதைப் பார்த்தேன்.

"அதுங்க என்ன?"

"எங்கப்பா காலத்து சாடி. காலி. அழகுக்கு வெச்சது."

"அதைத் தொட்டீங்களா?"

"ஏணி போட்டு யாரு ஏறுவா? மூணு வருஷமா தொடலை." அவர் முகம் சட்டென்று மாறியது. "மேல தூசி இருக்கும்மா. ஏறாதே."

"அதுக்காகத்தான் ஏறணும்."

ஏணியில் ஏறினேன். மூன்று வருடத் தூசி, கம்பளி மாதிரி. அதில் ஏழு வட்டங்கள், சுத்தமாக, பளிச்சென்று. ஒவ்வொரு சாடியும் தன் வட்டத்தை விட்டுவிட்டு நான்கு விரல் தள்ளி, ஒரே பக்கமாக நகர்ந்து நின்றிருந்தது. இரண்டு சாடிகள் விளிம்புக்கு வெளியே பாதி நீட்டிக்கொண்டிருந்தன. அளவுகோலை வைத்தேன். ஏழு செ.மீ., ஏழரை, ஏழு, எட்டு.

"தூசி தட்டலைன்னு எழுதிடாதேம்மா," என்று கீழிருந்து கெஞ்சினார். "மருந்துக்கடை பேரு கெட்டுடும்."

"உங்க தூசிக்குக் கோடி நன்றி அண்ணே. பேரை எழுத மாட்டேன். தயவுசெஞ்சு நாளைக்கு வரைக்கும் தட்டிடாதீங்க."

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஃபோன் செய்தேன். பீரோ நகர்த்த ஆள் வேண்டியிருந்தது. மதிய இடைவேளையில் வந்தார்.

"சந்தேகத்துக்கே சந்தேகம் தீர்ந்துடுச்சா?"

"இல்லை அண்ணா. இன்னும் நாற்பது வீடு."

அன்று நான் யாரிடமும் 'ஏதாவது விழுந்ததா' என்று கேட்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கேள்வி: "நீங்க பெருக்காத இடம் எது?" முதலில் எல்லோரும் அப்படி ஓர் இடமே இல்லை என்று சத்தியம் செய்தார்கள். பிறகு பீரோவுக்கு அடியிலும், ஃப்ரிட்ஜுக்குப் பின்னாலும், பரண் மேலும் அது கிடைத்தது. பீரோவின் கால்கள் பல வருடம் அழுத்திய பள்ளத்தை விட்டு மூன்று விரல் தள்ளி நின்றன. பரணில் பித்தளைப் பானைகள் தங்கள் வட்டங்களுக்கு வெளியே நின்றன. தையல்காரம்மா வீட்டுத் தையல் இயந்திரம் மட்டும் சரியாகப் பழைய இடத்தில் இருந்தது.

"நான்தான் சொன்னேனே," என்றார் அவர்.

"இதை நீங்க திரும்பத் தள்ளி வெச்சீங்களா?"

"அதை மட்டும்தான் வெச்சேன்," என்றார். பீரோ அவர் சொல்லாததைச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஐந்து மணிக்குள் முப்பத்தெட்டுக் கட்டடம் முடிந்தது. முப்பத்தொன்றில் கனமான சாமான் நகர்ந்திருந்தது. அப்படியும் எனக்கு நிம்மதி இல்லை. பழைய வீட்டில் தூசி எப்போதும் கோணலாகத்தான் படியுமோ? வாடகை வீட்டில் பீரோ நாலு முறை நகர்த்தப்பட்டிருக்குமோ? எனவே மேட்டுத்தெருவுக்கு ஏறிப் போய் அங்கே பத்து வீட்டில் அதே கேள்வியைக் கேட்டு, அதே இடங்களைப் பார்த்தேன். பத்து வீட்டிலும் பீரோ தன் பள்ளத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. சாடிகள் தங்கள் வட்டங்களுக்குள் இருந்தன. அறுநூறு மீட்டர் தூரம்தான்.

மீதி இருந்த மூன்றில் ஒன்று காப்பகம். அதைக் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

அக்கா பாய்களை வெயிலில் போட்டுவிட்டு மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

"மருந்துக்கடைக்காரர் சொல்லிட்டாரா?"

"செருப்பு சொல்லிச்சு."

நான் சுவரைப் பார்த்தேன். குழந்தைகள் வரைந்த படங்களை எட்டு வருடமாக அவள் எங்கே ஒட்டுவாள் என்று எனக்குத் தெரியும்: குழந்தைகளின் கண் உயரத்தில், நேர் வரிசையில். இந்தப் படங்கள் சாய்வாகப் போயின. மேலே இருந்தவற்றை நான் ஸ்டூலில் ஏறினால்தான் தொட முடியும். புதன்கிழமை இதைப் பார்த்து அழகாக இருக்கிறது என்று சொன்னவள் நான்.

பச்சைச் சூரியனை மெதுவாக உரித்தேன். பின்னால் விரிசல். என் சுண்டுவிரல் முதல் கணு வரை உள்ளே போனது. யானையை உரித்தேன். அங்கே இன்னும் அகலம்.

"போதும்," என்றாள் அக்கா.

"அக்கா, இது கூரை வரைக்கும் போகுது."

"எனக்குத் தெரியும். பூச்சுதான். பூசிடலாம்." அவள் குரல் தாழ்ந்தது. "மூடினா திறக்க மாட்டாங்கடி. எட்டு வருஷம். இந்தப் பிள்ளைங்க எங்கே போவாங்க? அவங்க அம்மா யாரை நம்பி வேலைக்குப் போவாங்க? நீ நாலு விரல், அஞ்சு விரல்னு எழுதிட்டுப் போயிடுவே. நாளைக்கு வாசல்ல நின்னு பதில் சொல்லப் போறது நான்."

"பூச்சா, இல்லையான்னு எனக்குத் தெரியாதுக்கா. உனக்கும் தெரியாது. அதான் பொறியாளர் பார்க்கணும்."

"நீ தப்பா இருந்தா?"

அந்தக் கேள்விதான் என்னிடம் எப்போதும் வேலை செய்யும். அக்காவுக்கு அது சின்ன வயதிலிருந்தே தெரியும். நான் சுவரைப் பார்த்தேன், நோட்டைப் பார்த்தேன்.

"தப்பா இருந்தா ரெண்டு நாள் மூடியிருக்கும். நான் வந்து சுவர் பூசித் தர்றேன். நீ தப்பா இருந்தா?"

பாயை மடிக்கத் தொடங்கினாள். "போங்க, ஆபீசர்," என்று மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மேடமின் வீட்டு வாசலில் நின்றேன். நோட்டை வாசித்து முடிக்கும் வரை அவர் காபியைத் தொடவில்லை.

"ஏழுங்கறே."

"ஏழு, மேடம்."

"அறுநூறு மீட்டர்ல ரெண்டு படி ஏறுமா?"

"அந்தத் தெரு முன்னாடி குளமா இருந்திருக்கு. மண் கொட்டி மேடாக்கினாங்கன்னு பழைய வரைபடத்துல இருக்கு. கருவி குன்று மேல பாறையில இருக்கு. பாறை ஆடறதை இது ரெண்டு மடங்கா ஆடும்னு நீங்கதான் நாலாவது வாரம் சொன்னீங்க."

"உங்க அக்கா காப்பகம் அங்கே இல்லையா?"

"அங்கதான்."

"ஏழு போட்டா திங்கக்கிழமை திறக்காது. தெரியும்ல?"

"தெரியும், மேடம். அதனாலதான் மூணு தடவை கூட்டிப் பார்த்தேன்."

அவர் செருப்பைப் போட்டுக்கொண்டார். இருவரும் போய் மருந்துக்கடை ஏணியில் ஏறினோம், முதலில் நான், பிறகு அவர். அவர் தன் அளவுகோலை வைத்தார். பிறகு ஐந்து வீடு. ஆறாவது வீட்டில் அளவுகோலை மடித்துப் பைக்குள் போட்டார்.

"என் முதல் வரைபடம் தப்பு," என்றார். பதினொன்றரை மணிக்கு நகராட்சி அலுவலகத்தின் மேசையில் வைத்தே கீழ்த்தெருவுக்குச் சிவப்பு வண்ணம் அடித்தார். பென்சிலை என்னிடம் நீட்டினார். "ஓரத்துல காரணம் எழுது. உன் கையால."

நான் எழுதினேன்: 'நிரப்பிய மண். இனி வரும் நடுக்கங்களிலும் இத்தெரு மேட்டுத்தெருவைவிட இரண்டு படி அதிகமாக ஆடும் என்று எதிர்பார்க்கலாம்.' முன்னால் 'ஒருவேளை' சேர்க்கலாமா என்று பென்சில் அங்கேயே நின்றது. சேர்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பொறியாளர்கள் வந்தார்கள். காப்பகத்தில் அக்கா ஒரு பக்கம் நின்றாள், நான் மறுபக்கம். பொறியாளர் ஏணியில் ஏறி, முன்னறையின் மேல்மூலையில் பூச்சைத் தட்டி எடுத்தார். டார்ச் அடித்தார். பிறகு அக்காவை ஏறி வந்து பார்க்கச் சொன்னார்.

கூரையைத் தாங்கும், சுவருக்குள் ஒரு சாண் உட்கார்ந்திருக்க வேண்டிய உத்தரம் இரண்டு விரல் அளவுதான் உட்கார்ந்திருந்தது. மீதி வெளியே வழுக்கி வந்திருந்தது.

"இதுக்கு நேர் கீழ என்ன இருக்கும்?" என்று கேட்டார் பொறியாளர்.

"பாய்," என்றாள் அக்கா. அவள் இறங்கும்போது ஏணியின் ஒவ்வொரு படியையும் கையால் தடவிப் பார்த்துக் கால் வைத்தாள். என் பக்கம் வரவில்லை. நேராகச் சமையலறைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு கையிலும் தம்ளரோடு வந்தாள். ஒன்றை என்னிடம் நீட்டினாள்.

"முழு டீ," என்றாள்.

அன்றே இரும்புத் தூண்கள் வைத்து உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்தார்கள். திறக்கவே விடமாட்டார்கள் என்று அக்கா பயந்தது நடக்கவில்லை. பொறியாளர் ஆறு வார வேலை என்று எழுதிக் கொடுத்தார். அதுவரை எங்கள் மருத்துவமனையின் பழைய உணவுக்கூடத்தைத் தர மேலாளர் சம்மதித்தார். மேட்டுத்தெரு, பாறை மேல். திங்கட்கிழமை காலை இருபத்திரண்டு குழந்தைகளும் அங்கே வந்து, முதல் வேலையாகச் சுவரில் கிறுக்கினார்கள்.

ஒன்பது நாள் கழித்து, புதன்கிழமை, மதியம் ஒன்று நாற்பதுக்குத் தரை மறுபடி ஆடியது. கையில் 2630-ஆம் கோப்பு. விசிறி லேசாக ஆடியது, ஜன்னல் கண்ணாடி கிலுகிலுத்தது. ஆறு வரை எண்ணினேன். இந்தத் தடவை நிதானமாகவே எண்ணினேன். அட்டவணையில் நான்கு என்று தோன்றியது. அதை நோட்டில் எழுதி முடிப்பதற்குள் ஃபோன் அடித்தது. அக்கா, உணவுக்கூடத்திலிருந்து.

"இங்கே ஒருத்தன்கூட எழுந்திரிக்கலை. பாதிப் பேர் வாயைத் திறந்துட்டுத் தூங்கறாங்க. நீ கிளம்பு. நான் தெருவுக்கு ஃபோன் பண்ணிச் சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

"யாரும் துடைப்பத்தைத் தொடக் கூடாதுன்னு."

மேலாளர், "போ போ. இந்தத் தடவை காரணம் எழுத வேண்டாம்" என்றார்.

நான் கீழ்த்தெருவுக்குள் நுழைந்தபோது ஒவ்வொரு வாசலிலும் ஆள் நின்றிருந்தார்கள், தேர்வுத் தாள் வாங்க நிற்பவர்கள் மாதிரி. தெருமுனையில் மேடமும் லிஃப்ட் மெக்கானிக்கும் ஏற்கெனவே வந்திருந்தார்கள். மருந்துக்கடைக்காரர் இரண்டு கையையும் விரித்து வழி மறித்தார்.

"பார்த்து வாம்மா. பதினோரு பாட்டில். விழுந்த இடத்துலயே கிடக்கு. ஒரு துண்டைக்கூட நகத்தலை. ஈ ஓட்டிட்டு நிக்கறேன்."

"எங்க வீட்டு பீரோ ரெண்டு விரல்," என்றார் சைக்கிள் கடைக்காரர்.

"எங்களுது ரெண்டரை," என்றார் தையல்காரம்மா, விட்டுக்கொடுக்காமல்.

நான் இரண்டு வீட்டிலும் போய் அளந்தேன். தையல்காரம்மா வீட்டில் அரை விரல்.

"அரையா?" என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார். "உன் அளவுகோலைக் கொஞ்சம் பாரு."

காப்பகத்தைத் திறந்து உள்ளே போனோம். முட்டுத் தூண்கள் நான்கும் நேராக நின்றன. உத்தரம் அவற்றின் மேல் அப்படியே இருந்தது. பழைய இரண்டு விரல் இருந்த இடத்தில் சுவர் உடைந்து உதிர்ந்திருந்தது. அங்கே இப்போது உத்தரத்தைத் தாங்க ஒரு விரல்கூட இல்லை. பாய் விரிக்கும் தரையில் செங்கலும் பூச்சும் முழங்கால் உயரம் குவிந்து கிடந்தன. மேடம் அந்தக் குவியலைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தரை ஆடியது ஒன்று நாற்பதுக்கு. தூங்கும் நேரம்.

"மேட்டுத்தெருவுல என்ன?" என்று கேட்டார்.

"நாலு, மேடம். நான் இருந்த இடத்துல."

"இங்கே?"

வாசலில் கூடிய தெருவெல்லாம் என்னைப் பார்த்தது. பென்சில் கையில் இருந்தது. வரைபட ஓரத்தில் நான் எழுதிய 'இரண்டு படி', நகலாக மேடமின் பையில் மடிந்திருந்தது. ஆறு என்று நெஞ்சுக்குள் தெரிந்துவிட்டது. இத்தனை நாளில் முதல் தடவையாக அதற்கு முன்னால் 'சுமார்' வரவில்லை.

அப்போது ஃபோன் மறுபடி அடித்தது. பின்னால் ஒரு குழந்தை கண் விழித்து அழும் சத்தம், அதை அக்கா தட்டிக் கொடுக்கும் சத்தம்.

"எவ்வளவுடி?" என்றாள் அக்கா. "சொல்லு. நான்தான் முதல்ல கேக்கறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாத சிரிப்பு, தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

"கொஞ்சம் இரு, அக்கா," என்றேன். "இன்னும் முப்பத்தேழு வீடு பாக்கி."